நடுவில் நிற்கும் ஊசி

காரின் மீட்டர் பலகையில், பெட்ரோல் எண்ணெய் அளவைக் காட்டும் ஊசிக்குப் பக்கத்திலேயே, எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி ஒன்று இருக்கும். கீழே கிடந்தால் குளிர்ச்சி, மேலே போனால் சூடு. கார் ஓட்டத் தெரியாதவர்களுக்குக்கூட அது புரியும். அந்த ஊசியைத் தப்பாகப் புரிந்துகொண்டு நாங்கள் நான்கு பேர் பட்ட பாட்டைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன ஆண்டு முதுகெலும்புத் தட்டு விலகி வேலையை விட்டேன். மலாக்காவில், பாயா ரும்புட்டில் நான் கடைசியாக வேலை செய்த பட்டறைத் தம்பிகள், “அண்ணே, கோளாறு காட்டுற ஸ்கேனர் இல்லாத காலத்துல இன்ஜெக்‌ஷன் வண்டிய எப்படிண்ணே பார்த்தீங்க? சொல்லுங்களேன்” என்று பல தடவை கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் சிரித்து மழுப்பிவிடுவேன். நாலு பேர் முன்னால் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதிக் கொடுத்தால் அவர்களுடைய புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போடுவார்களாம். ஆறாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் தமிழ் எழுத வரும். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

நான் தொழில் கற்ற கதை பெரிதில்லை. பள்ளியை விட்டதும் எஸ்டேட் தோட்டத்து லாரிக் கொட்டகையில் டயர் கழற்றினேன். பிறகு மெர்லிமாவில் ஒரு சீனர் கடையில் சில ஆண்டுகள் கார்புரேட்டர் கழுவினேன். இருபத்தொரு வயதில் செர்காம் சாலையோரத்தில் இருந்த காத்தமுத்து அண்ணனின் பட்டறைக்கு வந்து, பதினான்கு ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்டேன்.

காத்தமுத்து அண்ணன்தான் பட்டறை முதலாளி. ஆனால் முதலாளி என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். ஐம்பதைத் தாண்டியவர், பெரிய குரல். மெல்லப் பேசுவது நோயாளிகளின் வேலை என்று நினைப்பவர். சாலையில் தெரிந்த வண்டி போனால், சக்கரத்துக்கு அடியில் படுத்திருந்தாலும் அங்கிருந்தே சத்தம் போட்டு நலம் விசாரிப்பார். எஞ்சினைத் திறக்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். வேலை முடிந்த பிறகு கழுவ மறந்துவிடுவார். ஸ்பேனர் சாவிகளைப் பழைய செய்தித்தாளின் மேல் சின்னதிலிருந்து பெரிது வரை வரிசையாக அடுக்குவார். வண்டியிலிருந்து கழற்றிய எந்தச் சாமானையும் வீச மாட்டார். “அது வண்டிக்காரன் சொத்துடா” என்பார். அவருக்கென்று நீல விளிம்பு போட்ட இரும்புக் குவளை ஒன்று உண்டு. காலையில் டீ, மத்தியானம் தண்ணீர், சாயங்காலம் மறுபடியும் டீ. அதை வேறு யாரும் தொடக் கூடாது. ஒரு தடவை வாடிக்கையாளர் ஒருவர் தெரியாமல் அதில் தண்ணீர் குடித்துவிட்டார். அண்ணன் அவர் எதிரிலேயே மூன்று முறை கழுவினார்.

என்னைக் கேலி செய்யாமல் அவருக்குப் பொழுது போகாது.

“டேய் முனியா, வாய வீட்டுலயே மறந்து வச்சிட்டு வந்துட்டியா? நாளைக்கு ஒரு பையில போட்டுக் கொண்டு வா லா.”

நான் சிரிப்பேன். அவருக்கு அது போதும்.

அவருடைய இடது முன்கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, தோல் சுருங்கி வெளுத்திருக்கும். பழைய வெந்நீர்க் காயம். தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் ஒரு லாரி நடுக்காட்டில் கொதித்து நின்றுவிட்டது. தெர்மோஸ்டாட் இறுகிப்போய்த் திறக்கவில்லை. தெர்மோஸ்டாட் என்பது எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் சின்னக் கதவு. தண்ணீர் போதிய அளவு சுடும்வரை மூடியிருக்கும், சுட்டதும் திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும். அன்றைக்கு அது திறக்காததால், ரேடியேட்டர் மூடியைத் திருகிய அண்ணனின் கைமேல் கொதிநீர் பீறிட்டு விழுந்தது.

அன்றிலிருந்து அவர் கைக்கு வரும் எந்த வண்டியிலும் தெர்மோஸ்டாட்டை விட்டுவைக்க மாட்டார். எஞ்சின் ஆயில் மாற்ற வந்த வண்டியிலும் அதைக் கழற்றி எடுத்துவிடுவார். “நம்ம ஊரு என்ன பனி கொட்டுற ஊரா? வெயில்லயே வேகுறோம், இதுல தண்ணிக்குக் கதவு ஒண்ணு கேடா?” என்பார். அந்தக் காலத்தில் மலாக்காவில் பாதிப் பட்டறைகளில் இதுதான் வழக்கம். மற்றவர்கள் வீசி எறிவார்கள். அண்ணன் ஒவ்வொன்றிலும் வண்டி எண்ணை எழுதி ஒட்டி, அலமாரி மேலிருந்த பெரிய பிஸ்கட் டின்னில் போட்டுவைப்பார். கார்புரேட்டர் வண்டிகள் அந்தக் கதவு இல்லாமலே எப்படியோ ஓடிக்கொண்டிருந்தன. அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் இன்ஜெக்‌ஷன் வண்டிகள், அதாவது கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் எண்ணெயை அளந்து ஊற்றும் வண்டிகள், தோட்டப்புறத்துக்கும் வந்தன.

கோவிந்தசாமி மாமா முன்பு தோட்டத்தில் லாரி ஓட்டியவர். அண்ணன் கையைச் சுட்டுக்கொண்ட லாரி அவர் ஓட்டிய லாரிதான். ஓய்வு பெற்று, மனைவி அஞ்சலை அத்தையோடு சுங்கை ரம்பாய் பக்கம் குடியிருந்தார். எனக்கு உறவில்லை, வயதுக்கு மாமா, அத்தை என்று கூப்பிடுவேன். அத்தைக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. திங்கள், புதன், வெள்ளி காலையில் மலாக்கா டவுனுக்குப் போய் நான்கு மணி நேரம் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அதற்காகவே ஜொகூரில் வேலை பார்த்த மூத்த மகன் ஒரு பழைய இன்ஜெக்‌ஷன் காரை வாங்கிக் கொடுத்திருந்தான்.

வாரம் மூன்று நாளும் எங்கள் பட்டறையைத் தாண்டித்தான் போவார்கள். காலையில் போகும்போது பட்டறை திறந்திருக்காது. மத்தியானம் ஒரு மணிவாக்கில் திரும்பும்போது மாமா இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். அண்ணன் எங்கிருந்தாலும், “அண்ணி! சாப்பிட்டுட்டுப் படுங்க!” என்று கத்துவார். அத்தை ஜன்னலுக்கு வெளியே கையை ஆட்டுவார்.

அந்த வண்டி முதல் தடவை பட்டறைக்கு வந்தபோதே தெர்மோஸ்டாட் டின்னுக்குள் போய்விட்டது. போதாததற்கு அண்ணன், முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த அத்தையிடம் மீட்டர் பலகையைக் காட்டிச் சொன்னார்:

“அண்ணி, இந்தா பாருங்க, இந்த ஊசி. இது எவ்வளவு கீழ கெடக்குதோ அவ்வளவு நல்லது. கோவிந்தசாமி அண்ணன் ரோட்டப் பார்க்கட்டும், நீங்க ஊசியப் பாருங்க. மேல ஏறுச்சுன்னா உடனே நிறுத்தச் சொல்லிடுங்க.”

அத்தை அதை ஒரு பொறுப்பாக எடுத்துக்கொண்டார். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் வழி நெடுக ஊசியையே பார்த்துக்கொண்டு வருவாராம். “இவ தூங்கவே மாட்டேங்கறா, காத்தா. ஊசியப் புள்ள மாதிரி காவல் காக்குறா” என்று மாமா குறைபட்டுக்கொள்வார்.

இரண்டு ஆண்டு கழித்து வண்டி கெட்டது. காலையில் ஒரே திருப்பலில் ஸ்டார்ட் ஆகும். கொஞ்ச தூரம் ஓடியதும் பின்னால் கரும்புகை. பெட்ரோல் எண்ணெய் தண்ணீராய்ச் செலவாகும். வெயிலில் சிவப்பு விளக்கில் நின்றால் எஞ்சின் திணறி அணைந்துவிடும். அணைந்தால் உடனே எடுக்காது; அரை மணி நேரம் ஆற வேண்டும். அண்ணன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினார். நான்கும் அடுப்புக்கரி போல இருந்தன. புதுசு போட்டார். இரண்டு நாள் நன்றாக ஓடி மறுபடியும் நின்றது. காற்று வடிகட்டி, எண்ணெய் வடிகட்டி, பிளக் வயர் என்று ஒவ்வொன்றாக மாற்றினார். ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள்தான்.

கோளாறு இருந்தால் எரிய வேண்டிய விளக்கு மீட்டர் பலகையில் எரியவே இல்லை. அதுதான் எங்களைக் குழப்பியது.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதற்கு முந்திய ஆண்டு டவுனில் சாமான் கம்பெனி ஒன்று பட்டறைக்காரர்களுக்காக ஒரு விளக்கக் கூட்டம் வைத்திருந்தது. “நீ போய்ட்டு வா, சாப்பாடு போடுவாங்களாம்” என்று அண்ணன் என்னை அனுப்பினார். பாதி ஆங்கிலம், பாதி மலாய். ஆங்கிலம் எனக்கு ஒட்டவில்லை. ஆனால் பேசியவர் பலகையில் ஒரு படம் வரைந்தார். ஒரு குவளை, அதிலிருந்து ஆவி, குவளைக்குள் தொங்கும் ஒரு சின்னச் சாமான், அதிலிருந்து கையில் பிடிக்கும் சோதனை மீட்டருக்குப் போகும் இரண்டு கோடு. எஞ்சின் தண்ணீரின் சூட்டைச் சொல்லும் சென்சார் அது. மலாயில் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. வண்டியின் கம்ப்யூட்டரால் தண்ணீரைத் தொட்டுப் பார்க்க முடியாது. சென்சார் என்ன சொல்கிறதோ அதைத்தான் நம்பும். எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று சொன்னால் எண்ணெயைக் கூட்டி ஊற்றும். சென்சார் அடியோடு செத்துப்போனால் விளக்கு எரியும். உயிரோடு இருந்து பொய் சொன்னால் எரியாது.

அந்தப் படத்தை நோட்டில் வரைந்து வைத்திருந்தேன். கரும்புகையைப் பார்க்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வந்தது. இருந்தாலும் மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. தொழிலில் என்னைவிட இருபது ஆண்டு மூத்தவரிடம் போய், இப்படி இருக்குமோ என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, வண்டி நாலாவது தடவையாக வந்து நின்றபோது சொன்னேன்.

“அண்ணே, அந்தச் சூடு சென்சார்...”

“என்னாடா சூடு? ஊசி அடியில கெடக்கு, சூடு எங்க இருக்கு?” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். “சரி, நீயே வாயத் தொறந்து கேட்டுட்ட. போய் வாங்கிட்டு வா. உன் ஆசையையும் பார்த்துடுவோம்.”

மோட்டார் சைக்கிளில் மெர்லிமாவ் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் வயதான சீனர். வண்டியின் பெயரைச் சொல்லி, தண்ணீர் சூட்டு சென்சார் வேண்டும் என்றேன்.

“சத்து வாயார் கா, துவா வாயார்?”

ஒரு வயரா, இரண்டு வயரா என்று கேட்கிறார். எனக்குத் தெரியாது. அப்படி இரண்டு வகை இருப்பதே தெரியாது. பின்னால் மூன்று பேர் காத்திருந்தார்கள். தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் விளக்கியிருப்பார், நல்ல மனிதர்தான். நான் வெட்கப்பட்டுக்கொண்டு, “சத்து” என்று சொல்லிவிட்டேன். எடுத்துக் கொடுத்தார்.

எஞ்சினில் ஒரு வயரோடு இருந்ததைக் கழற்றிப் புதியதைப் போட்டேன். ஸ்டார்ட் செய்தால் ஊசி முன்பு போலவே கீழேயே கிடந்தது. பிளக்குகளைத் துடைத்துப் போட்டதால் புகையும் அப்போது குறைந்திருந்தது. அண்ணன் தோளைக் குலுக்கினார். “ஆச தீந்துச்சா?”

மறுநாள் புதன்கிழமை. காலையில் நாங்கள் பட்டறையைத் திறந்து கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது. மாமா டவுனிலிருந்து பேசினார். ஊருக்குள் நுழையும் முன்னால் சிவப்பு விளக்கில் வண்டி அணைந்துவிட்டது. பேட்டரி இறங்கும்வரை முயன்று பார்த்திருக்கிறார். மீன் ஏற்றிக்கொண்டு போன ஒரு மலாய்க்காரர் இரக்கப்பட்டு இருவரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய் விட்டிருக்கிறார். போய்ச் சேர்ந்தபோது ஒன்றரை மணி நேரம் தாமதம். அடுத்த நோயாளிக்கு இடம் விட வேண்டுமே; அத்தைக்குப் பாதி நேரம்தான் கிடைக்கும்.

அண்ணனும் நானும் பிக்கப்பில் கயிற்றோடு போனோம். அவர் பேசாமல் வண்டி ஓட்டி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

திரும்பும்போது, கயிற்றில் கட்டி இழுத்த காரின் ஸ்டியரிங்கை மாமா பிடித்துக்கொண்டார். அத்தை பிக்கப்பில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. கழற்றி மடியில் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை கட்டாயம் நேரத்துக்கு வந்து முழு நேரமும் படுக்க வேண்டும், இல்லையென்றால் நுரையீரலில் நீர் ஏறிவிடும் என்று நர்ஸ் மிஸ்ஸி கண்டித்து அனுப்பியிருந்தார்.

“நாளன்னிக்கி டாக்சி சொல்லிடலாம் அண்ணி” என்றார் அண்ணன்.

“விடியக்காலையில அந்தக் காட்டுக்கு எந்த டாக்சி வரும்? உங்க அண்ணன் கேட்டுப் பார்த்தாச்சு. நம்ம வண்டிதான் போகணும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “தம்பி, உன் முகம் ஏன் இப்படிக் கெடக்கு? எனக்குத்தானே ஊசி குத்துனாங்க, உனக்கா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் பட்டறைக்குப் போய்விட்டேன். வண்டி ஆறிப்போய்க் கிடந்தது. டார்ச்சை அடித்துப் பார்த்தேன். நான் மாற்றிய ஒற்றை வயர் சென்சாருக்குப் பின்னால், ரப்பர்க் குழாய்க்கு அடியில், இன்னொன்று இருந்தது. தூசி படிந்த பழுப்புப் பிளக். அதில் இரண்டு வயர்.

அங்கேயே நின்றுகொண்டு யோசித்தேன். ஒற்றை வயர் மீட்டர் ஊசிக்கு, ஓட்டுபவர் பார்ப்பதற்கு. இரட்டை வயர் கம்ப்யூட்டருக்கு. ஊசி சரியாக இருப்பதால் மற்றதும் சரி என்று ஆகாது. இரண்டும் ஒரே தண்ணீரில் நிற்கின்றன, ஆனால் ஒன்றுக்கு மற்றதைத் தெரியாது.

அண்ணன் வந்ததும் நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

“அண்ணே, கடைக்காரரு ஒரு வயரா, ரெண்டு வயரான்னு கேட்டாரு. எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. ஒண்ணுன்னு சொல்லிட்டேன். நேத்து அத்த நடுரோட்டுல நின்னது என்னாலதான்.”

நான் அவரிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் கையிலிருந்த டார்ச்சை வாங்கினார்.

“ரெண்டு வயரு எங்க இருக்கு? காட்டு.”

காட்டினேன். முதலில் அதன் பிளக்கைப் பிடுங்கி, எண் காட்டும் மீட்டரின் இரண்டு முனையையும் சென்சாரின் இரண்டு கம்பி முனைகளில் வைத்தேன். மூவாயிரம் ஓம் மின்தடை காட்டியது. இந்தச் சென்சாரில் சூடு ஏற ஏற எண் இறங்க வேண்டும். பிளக்கை மாட்டி எஞ்சினை அரை மணி ஓடவிட்டு, நிறுத்தி மறுபடியும் பார்த்தேன். இரண்டாயிரத்து ஐந்நூறு. இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. ஆனால் ரேடியேட்டருக்குப் போகும் மேல் குழாயைத் தொட்டுப் பார்த்தால் கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டே இருக்க முடிந்தது. குளிக்கிற வெந்நீர் அளவு சூடுதான். இப்போது எது பொய்? சென்சார் பொய் சொல்கிறதா, அல்லது தண்ணீரே சுடவில்லையா?

நோட்டைத் திறந்து படத்தைக் காட்டினேன். “வெந்நியில போட்டுப் பார்க்கணும்ணே. புதுசு ஒண்ணும் வேணும். ரெண்டையும் ஒரே வெந்நியில விட்டா தெரிஞ்சிடும்.” கையேட்டில் சரியான அளவு அச்சிட்டிருக்கும், ஆனால் அது ஆங்கிலம், எனக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் ஒரு நல்ல சென்சார் இருந்தால் கையேடு தேவையில்லை.

மெர்லிமாவுக்கு மறுபடியும் போனேன். கடைக்காரர் கேட்கும் முன்பே, “துவா வாயார்” என்று சத்தமாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

திரும்பி வந்தபோது அண்ணன் கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தார். நான் பாத்திரம் தேடினேன். எல்லா டின்னிலும் எண்ணெய்ப் பிசுக்கு. அண்ணன் தன் நீல விளிம்புக் குவளையிலிருந்த டீயை வாசலில் ஊற்றிவிட்டு என்னிடம் நீட்டினார். நான் வாங்கத் தயங்கினேன்.

“பிடி லா. அண்ணியவிட இது பெருசா?”

இரண்டு சென்சாரையும் கம்பியில் கட்டி, பித்தளை முனை மட்டும் நனையும்படி, குவளையின் அடியைத் தொடாமல் தொங்கவிட்டேன். வெளியில் இருந்தபோது புதியது ஆயிரத்து எழுநூறு காட்டியது. வெந்நீரில் விட்டதும் எண் சரசரவென்று இறங்கியது. ஆயிரம், அறுநூறு, நானூறு, கடைசியில் இருநூற்று ஐம்பதில் நின்றது. பழையதில் வைத்தேன். மூவாயிரத்திலிருந்து மெல்ல நகர்ந்து இரண்டாயிரத்து நூறுக்கு வந்து அப்படியே உட்கார்ந்துகொண்டது. ஆவி பறக்கிறது, அதற்கு மட்டும் சுடவில்லை.

“மீட்டரு ரோசாக்கா இருக்கும், கெட்டுப் போயிருக்கும். மறுபடி பாரு” என்றார் அண்ணன். மறுபடி பார்த்தேன். அதே கணக்கு. மூன்றாவது தடவை அவரே மீட்டரைப் பிடித்தார். பிறகு அதைக் கீழே வைத்தார்.

“சரி, இவன் பொய்க்காரன். கழட்டிப் போட்டுடலாம். ஆனா முனியா, வண்டித் தண்ணி சுடவே இல்லையே. அரை மணி ஓடியும் கைய வச்சா சுடல. புதுசு போட்டாலும் அது பாவம், குளுந்த தண்ணியக் குளுந்துருக்குன்னுதானே சொல்லும்? அப்பவும் கம்ப்யூட்டரு எண்ணெயக் கூட்டித்தானே ஊத்துவான்? தண்ணி ஏன் சுடல?”

எனக்குப் பதில் தெரியும். கடைக்காரரிடம் சொல்லாததைவிட இதைச் சொல்வது கஷ்டமாக இருந்தது. அலமாரி மேலிருந்த பிஸ்கட் டின்னைப் பார்த்தேன்.

அவரும் பார்த்தார்.

இடது முன்கையை வலது கையால் ஒரு தடவை தடவிக்கொண்டார். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி டின்னை இறக்கினார். தரையில் கொட்டி, ஒவ்வொன்றாக எண்ணைப் பார்த்து ஒதுக்கி, அந்த வண்டியின் தெர்மோஸ்டாட்டை எடுத்தார். கெட்டிலை மறுபடியும் கொதிக்கவிட்டு, கம்பியில் கட்டிக் குவளைக்குள் இறக்கினார். கொஞ்ச நேரத்தில் அது மெதுவாக வாயைத் திறந்தது. வெளியே எடுத்ததும் ஆறி மூடிக்கொண்டது.

“ரெண்டு வருசம் டின்னுக்குள்ள கெடந்தும் வேலைய மறக்கல பாரு” என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

பிறகு வேலை தொடங்கியது. எஞ்சின் நன்றாக ஆறும்வரை காத்திருந்தோம். மூடியைத் திறக்கும் விஷயத்தில் அண்ணனிடம் அவசரம் கிடையாது. தண்ணீரை வடித்தோம். ஆழமான பாக்ஸ் சாவியால் பழைய சென்சாரைத் தளர்த்திக் கையால் கழற்றினேன். ஓட்டையின் மரையைத் துணியால் துடைத்தேன். புதிய சென்சாரின் மரையில் வெள்ளை டேப் இரண்டே சுற்று, முனை வெளியே தெரிய. முதலில் விரலால் முடியும்வரை திருகி, பிறகுதான் சாவியால் கால் சுற்று. பித்தளை, பலத்தைக் காட்டினால் முறிந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். தெர்மோஸ்டாட்டை அண்ணன் தன் கையால் வைத்தார். காற்றுப் போகும் சின்னத் துளை மேல்பக்கம் இருக்கும்படி பார்த்து, கேஸ்கெட் தாளைப் புதிதாக வெட்டி ஒட்டினார். புதிய பிளக்குகள் போட்டோம். கம்ப்யூட்டர் பழையதை மறக்கட்டும் என்று பேட்டரி வயரைக் கொஞ்ச நேரம் கழற்றி வைத்தோம். தண்ணீர் ஊற்றி, மூடியைத் திறந்துவைத்து ஓடவிட்டு, குமிழி நிற்கும்வரை காத்திருந்தோம்.

ஊசி அசைந்தது. இரண்டு ஆண்டாக அடியில் கிடந்தது மெல்ல ஏறி, நடுவில் வந்து நின்றது. அதற்கு மேல் போகவில்லை. எஞ்சின் சத்தம் இறங்கி அமைதியானது. மூச்சு வாங்க ஓடி வந்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்தது போல இருந்தது. அண்ணன் புகைக்குழாய்க்குப் பின்னால் வெள்ளைத் துணியைப் பிடித்துப் பார்த்தார். கறுக்கவில்லை. கொதிக்கும் வெயிலில் பத்துத் தடவை நிறுத்தினோம், பத்துத் தடவையும் முதல் திருப்பலிலேயே எடுத்தது. சாயங்காலம் மாமா தனியாக வந்து வண்டியை எடுத்துப் போனார்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு வேலை ஓடவில்லை. பன்னிரண்டரையிலிருந்தே அண்ணன் சாலையோரத்தில் ஒரு பழைய டயரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பார்க்க ஒன்றுமில்லை. தொலைபேசி அடிக்கவில்லை; அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. ஒரு வண்டி பட்டறையில் நிற்காமல் போய்விட வேண்டும் என்று அன்றைக்குப் போல நான் வேண்டிக்கொண்டதில்லை.

ஒரு மணிக்கு மேல் கார் வந்தது. புகை இல்லை. ஆனால் வேகம் குறைந்தது. இடது விளக்கு மின்னியது. பட்டறைக்குள் திரும்பி நின்றது.

கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். எஞ்சினோ சீராக ஓடிக்கொண்டிருந்தது. அத்தை கண்ணாடியை இறக்கினார்.

“தம்பி, ஊசி மேல வந்துடுச்சுப்பா! காலையிலேயே பார்த்தேன். நிறுத்துனா அங்க நேரமாயிடும்னு வாய மூடிக்கிட்டு சாமியக் கும்பிட்டுக்கிட்டே போனேன். நாலு மணி நேரம் படுத்துருந்தும் கண்ண மூடல. திரும்பி வர்றப்பவும் பாரு, அங்கேயே நிக்குது. வண்டி வெடிச்சிடுமா?”

“நான் சொன்னேன், நல்லாத்தான் ஓடுதுன்னு. கேக்க மாட்டேங்கறா” என்றார் மாமா.

நாங்கள்தான் சொல்ல மறந்திருந்தோம். ஊசி இனிமேல் நடுவில் நிற்கும் என்பதை மாமாவிடம் சொல்லவே இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் என்னைத் தாண்டிப் போய் ஜன்னலருகே குனிந்தார். சுற்றிலும் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

“அண்ணி, ஊசி சரியாத்தான் நிக்குது. நாந்தான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன். கீழ கெடந்தது நல்லதில்ல. நடுவுலதான் நிக்கணும். எனக்குத் தெரியாமப் போச்சு.”

“அப்ப ரெண்டு வருசமா நான் கண்ணு முழிச்சுப் பார்த்தது?”

“வேஸ்ட் அண்ணி.”

அத்தை அவரையே பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மாமா சிரித்தார். சிரிப்பில் அத்தைக்கு மூச்சு வாங்கியது. அண்ணன் பதறிப்போய்த் தண்ணீர் கேட்டார். நான் குவளையைக் கழுவிக் கொண்டுவந்தேன். அத்தை ஒரே ஒரு மடக்கு குடித்துவிட்டு, “என்னடா ஒரு மாதிரி வாட அடிக்குது?” என்றார். அந்தக் குவளைக்குள் முந்தின நாள் என்னென்ன கிடந்தது என்று நாங்கள் சொல்லவில்லை.

“இனிமே நான் என்னா பண்ணணும்?” என்று கேட்டார்.

“ஒண்ணும் பண்ண வேணாம் அண்ணி. நடுவுல நின்னா அது பாட்டுக்கு நிக்கட்டும். நீங்க தூங்குங்க.”

அடுத்த சில மாதங்கள் அண்ணன் டின்னில் இருந்த எண்களைப் பார்த்து, இன்ஜெக்‌ஷன் வண்டிக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டனுப்பி, அவரவர் தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டுக் கொடுத்தார். ஏன் என்று கேட்டவர்களிடம், “நான் கழட்டுனது தப்பு” என்று மட்டும் சொல்வார். நானும் தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அதற்குப் பிறகு கடைகளில் எனக்கு நிறையப் பேர் நிறையக் கற்றுக்கொடுத்தார்கள்.

அஞ்சலை அத்தை அதன்பிறகு ஆறு ஆண்டுகள் அந்தச் சாலையில் போய் வந்தார். கார் ஒரு நாளும் வழியில் நிற்கவில்லை. திங்கள், புதன், வெள்ளி மத்தியானம் எங்களைத் தாண்டும்போது, தலையைக் கண்ணாடியில் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருப்பார். மாமா ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டார். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டுவார். காத்தமுத்து அண்ணன் எந்த வேலையில் இருந்தாலும் சாலைக்கு வந்து நின்று, ஒரு சத்தமும் போடாமல், அந்தச் சுட்ட கையைத் தூக்கிக் காட்டுவார்.